பிடித்த மீனைச் சுறாவுக்கு இரையாகப் போடலாமா? டெக்சாஸ் ஒரு பக்கம், ஃபுளோரிடா ஒரு பக்கம்

போன அக்டோபரில் டெக்சாஸின் பாட்ரே தீவுக் கரையில் நடந்தது. நண்பர் காலையில் ஒரு ரெட்ஃபிஷ் பிடித்தார். மதியம் அதைச் சுத்தம் செய்து, சதையை ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டு, மிச்சமிருந்த தலையைச் சுறாத் தூண்டிலில் மாட்டப் போனார். மீனின் அளவு சரி, எண்ணிக்கை சரி, உரிமம் சட்டைப்பையில் இருக்கிறது, எப்படியும் தூக்கி எறியப் போகிற தலைதானே என்பது அவர் கணக்கு. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, இந்த மாநிலத்தில் அது குற்றம் என்று பொறுமையாகச் சொன்னார். எங்களுக்கு நம்பவே முடியவில்லை. போனில் விதியைத் தேடிப் படித்தோம், அவர் சொன்னது சரிதான்.

அதே தலையை ஃபுளோரிடாவில் மாட்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. ஒரே மெக்சிகோ வளைகுடா, ஒரே மீன், ஒரே சுறா, ஆனால் இரண்டு மாநிலங்களும் இந்த விஷயத்தை வேறு வேறு முனையிலிருந்து பிடித்திருக்கின்றன. இரண்டு கரையிலும் தூண்டில் போடுகிறவன் என்ற முறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். நீங்கள் பிடித்த மீனைத் தூண்டிலில் கோத்துவிட்டால், அது நீங்கள் எடுத்துக்கொண்ட மீன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, சாப்பிடவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. அளவு வரம்பு, நாள் வரம்பு, பருவத் தடை எல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும். அளவு குறைந்த மீனை "சாப்பிடவா போகிறேன், இரைக்குத்தானே" என்று பயன்படுத்துவது எந்த மாநிலத்திலும் செல்லாது.

டெக்சாஸ்: எந்த மீன் என்பதுதான் கேள்வி

டெக்சாஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருப்பவை 'கேம் ஃபிஷ்', அதாவது பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கென்று தனியாகப் பாதுகாத்து வைத்திருக்கும் மீன்கள். ரெட்ஃபிஷ், ஸ்பாட்டட் சீட்ரவுட், டார்ப்பன், ஸ்னுக், கோபியா, அப்புறம் நம் வஞ்சிரத்தின் நெருங்கிய சொந்தங்களான கிங் மேக்கரல், ஸ்பானிஷ் மேக்கரல் எல்லாம் அதில் வரும். இந்த மீன்களையோ இவற்றின் எந்தப் பகுதியையோ இரையாகப் பயன்படுத்தக் கூடாது. "எந்தப் பகுதியையோ" என்பதில்தான் நண்பரின் ரெட்ஃபிஷ் தலை மாட்டிக்கொண்டது. உரிமம் பெற்ற நண்டு பிடிப்பவர்கள் பண்ணையில் வளர்த்த கெளுத்தியின் தலையை நண்டுப் பொறியில் வைக்கலாம் என்று ஒரே ஒரு சின்ன விலக்கு உண்டு. சுறா பிடிப்பவருக்கு அதனால் பயனில்லை.

சரி, வேறு என்ன மாட்டலாம்? நிறைய இருக்கிறது. பாறை மீன் இனத்தைச் சேர்ந்த ஜாக் கிரெவல், மடவை, திருக்கை, சூரை, லேடிஃபிஷ் இவையெல்லாம் பட்டியலுக்கு வெளியே. பாட்ரே கரையில் சுறா பிடிக்கிறவர்கள் பாறைத் தலையையும் திருக்கைத் துண்டையும் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் ஏற்றி, அலைகளைத் தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவது அன்றாடக் காட்சி. பிளாக் டிரம் பட்டியலில் இல்லை என்பதால் அதுவும் ஆகும், ஆனால் பொதுவாக 14 முதல் 30 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு 5தான். கேம் ஃபிஷ் இல்லை என்றால் விதியே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மடவையில் ஒரு கண்ணி இருக்கிறது. அக்டோபர் முதல் ஜனவரி வரை 12 அங்குலத்துக்கு மேற்பட்ட மடவையைப் பிடிக்கவே கூடாது. அந்த மாதங்களில்தான் பெரிய மடவைகள் முட்டையிடக் கடலுக்கு இறங்கும், கரையோரம் கூட்டம் கூட்டமாகப் போகும், வலையை வீசினால் அள்ளலாம். சுறாவுக்கு அதைவிட நல்ல இரை கிடையாது என்று கை பரபரக்கும். விதி சரியாக அந்த நேரத்தில் குறுக்கே நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும், முட்டை நிறைந்த மீனை இரைக்கு அள்ளினால் அடுத்த வருஷம் எதை அள்ளுவது?

டெக்சாஸ் விதியில் எனக்குப் பிடித்த இன்னொரு வரி வீணாக்குவதைப் பற்றியது. உண்ணத்தக்க மீனையும் இரை மீனையும், உணவாகவோ இரையாகவோ பயன்படுத்தும் எண்ணம் இல்லாமல் சாகவிடுவது அங்கே குற்றம். பிடித்த மீனை இரையாக்குவதையே கெட்ட காரியமாக அந்த மாநிலம் பார்க்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. குறிப்பிட்ட சில மீன்களை மட்டும் அந்தப் புழக்கத்திலிருந்து தூக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபுளோரிடா: எப்படிப் போடுகிறாய் என்பதுதான் கேள்வி

ஃபுளோரிடாவில் இப்படி ஒரு கேம் ஃபிஷ் தடை இல்லை. சட்டப்படி எடுத்துக்கொள்ளக்கூடிய மீன் என்றால் இரையாக்கலாம். ஸ்பானிஷ் மேக்கரல் 12 அங்குலம் இருந்தால் போதும், ஆளுக்கு 15 வரை. தனி வரம்பு வைக்காத மீன்களுக்குப் பொது வரம்பு ஒன்று உண்டு: ஒரு நாளைக்கு 2 மீன் அல்லது 100 பவுண்டு, இதில் எது அதிகமோ அது. லேடிஃபிஷ்ஷும் சூரையும் இந்தக் கணக்கில் வரும். மடவைக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, படகு வரம்பு பருவத்துக்குப் பருவம் மாறும். பிடித்தவுடன் விட்டே ஆக வேண்டிய மீன்களை இரையாக்க முடியாது, அதில் சந்தேகமே வேண்டாம். திருக்கைகளில் ஆனைத்திருக்கையையும் புள்ளிக் கழுகுத் திருக்கையையும் தொடவே கூடாது. சின்னச் சுறாவைப் பெரிய சுறாவுக்கு மாட்டலாமே என்று யோசிப்பவர்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சுறாதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னது தூண்டிலில் ஏறியதும் உங்கள் ஒதுக்கீடு முடிந்தது.

இதுவரை பார்த்தால் ஃபுளோரிடா தாராளமாகத் தெரியும். 2019 ஜூலை 1 முதல் வந்த கரையோரச் சுறா விதிகளைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். 16 வயது நிரம்பிய எவரும் கரையிலிருந்து சுறா பிடிக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். இலவசம்தான், ஆனால் இணையத்தில் ஒரு சின்னப் பாடம் படித்து முடித்தால்தான் கிடைக்கும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். வழக்கமாக உரிமம் தேவைப்படாத 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. "நான் சுறா பிடிக்க வரவில்லை" என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. 4 அடிக்கு மேல் உலோக லீடர் (முள்ளையும் தூண்டில் நரம்பையும் இணைக்கும் கம்பி) கட்டியிருந்தாலோ, தூண்டில் கம்பைத் தாங்கும் ஃபைட்டிங் பெல்ட்டை இடுப்பில் மாட்டியிருந்தாலோ, ஒன்றரை அங்குலமோ அதற்கு மேலோ வாயுள்ள முள்ளில் இரையைக் கோத்து வீசாமல் கயாக் மாதிரி வேறு வழியில் கொண்டுபோய்ப் போட்டாலோ அனுமதி தேவை. பாட்ரேயில் நாங்கள் சாதாரணமாகச் செய்யும் அந்தக் கயாக் வேலை இங்கே ஒரு அடையாளமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அதைவிட முக்கியமானது, மீன் துண்டுகளையும் ரத்தத்தையும் கடலில் கொட்டிச் சுறாவை இழுக்கும் 'சம்மிங்'. கடற்கரையிலிருந்து அது முழுத் தடை, எந்த மீனைப் பிடிக்க நினைத்தாலும் சரி. முள்ளில் கோத்த பாறைத் தலை இரை. அதே தலையை நறுக்கிப் பக்கத்தில் தூவினால் குற்றம். குளிக்கிறவர்களும் தூண்டில் போடுகிறவர்களும் ஒரே மணலைப் பகிர்ந்துகொள்ளும் மாநிலத்தில் இந்தக் கோடு நியாயமான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது என்பேன்.

முள் விஷயத்தில் இரண்டு மாநிலங்களும் ஒரே பாதைக்கு வந்துவிட்டன. மீன் துண்டோ உயிர் மீனோ மாட்டிச் சுறாவுக்குப் போடுவதென்றால் சர்க்கிள் ஹூக் என்ற வட்ட முள்தான், அதுவும் நுனி பக்கவாட்டில் திரும்பாதது, துருப்பிடிக்காத எஃகில் செய்யாதது. ஜே வடிவ முள்ளைச் சுறா விழுங்கினால் வயிற்றில் குத்தும், வட்ட முள் பெரும்பாலும் வாயோரத்தில் பிடிக்கும், அறுந்து தங்கிவிட்டாலும் நாளடைவில் துருப்பிடித்து விழுந்துவிடும். ஃபுளோரிடா இன்னும் ஒரு படி மேலே போய், லீடரையோ முள்ளையோ சட்டென்று வெட்டும் கருவி கையில் இருக்க வேண்டும், கொம்பன் சுறா போன்ற தடை செய்யப்பட்ட சுறா மாட்டினால் செவுள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், போட்டோவுக்காக மணலில் இழுத்துப் போடக் கூடாது என்கிறது. டெக்சாஸில் கொம்பன் சுறாவை வைத்துக்கொள்ளலாம், 99 அங்குலம் இருந்தால்.

9 மைலுக்கு அப்பால்

டெக்சாஸுக்கும், ஃபுளோரிடாவின் வளைகுடாப் பக்கத்துக்கும் மாநிலக் கடல் 9 கடல் மைல் வரை. அதைத் தாண்டினால் மத்திய அரசின் விதி, அது மூன்றாவது ரகம். சங்கரா, களவா, ஆம்பர்ஜாக், டிரிகர்ஃபிஷ் போன்ற பவளப்பாறைப் பட்டியல் மீன்களை அங்கே எந்தத் தூண்டிலிலும் இரையாக்கக் கூடாது, சதை எடுத்த எலும்புக்கூடாக இருந்தாலும் கூடாது. மற்ற மீன்களையும் தலையும் துடுப்பும் முழுதாக இருக்கும்படியே படகில் வைத்திருக்க வேண்டும். இரைத் துண்டுக்கு விலக்கு உண்டு, ஆனால் தோல் ஒட்டியிருக்க வேண்டும், பட்டையாக வெட்டினால் 3 அங்குல அகலம், 9 அங்குல நீளத்துக்கு மேல் போகக் கூடாது. நெத்திலி மாதிரி சின்ன இரைக்குப் பழகியவர்களுக்கு இது பெரிதாகத் தெரியலாம், சுறாவுக்குப் போட நினைப்பவருக்குப் போதாது. முழு மீனாக மாட்டிவிடுவதுதான் அங்கே குழப்பமில்லாத வழி.

கலிபோர்னியா இந்த மூன்றிலும் சேராது. அங்கே 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், வெள்ளைச் சுறாவை ஈர்க்க எந்த இரையும் போடாதே என்கிறது. கரைக்கும், கடலுக்குள் நீளும் பாலமான பியருக்கும் ஒரு கடல் மைலுக்குள் அந்தச் சுறா கண்ணில் பட்டால் சுறா இரையே கூடாது. 2014 ஜூலையில் மன்ஹாட்டன் பீச்சில், பியரிலிருந்து போட்ட தூண்டிலில் மாட்டித் தவித்த வெள்ளைச் சுறா ஒன்று அந்த வழியாக நீந்தி வந்தவரைக் கடித்தது. அதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தச் சட்டத்தை விளக்க வேண்டியதில்லை.

நான் எந்தப் பக்கம்

எந்த மீன் என்ற கேள்வியில் நான் டெக்சாஸ் பக்கம். 1981இல் ரெட்ஃபிஷ்ஷும் சீட்ரவுட்டும் குறைந்துபோய், கடலில் பிடித்த அவற்றை விற்பதையே அந்த மாநிலம் நிறுத்தியது. அப்படிக் காப்பாற்றிய மீனின் தலையைச் சுறாவுக்கு மாட்டாதே என்று சொல்வது எனக்குப் புரிகிறது. வீணாகப் போகிற தலைதானே என்ற நண்பரின் வாதத்திலும் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தலைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால், முழு மீனை மாட்டியவரும் சதையை ஏற்கெனவே எடுத்துவிட்டேன் என்பார், கரையில் நிற்கும் கேம் வார்டன் (மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்? பட்டியல் எளிது, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எப்படி என்ற கேள்வியில் ஃபுளோரிடாதான் சரி. அந்தப் பாடத்தைப் படித்த பிறகுதான் சுறாவை எவ்வளவு நேரம் போராட விடக் கூடாது என்பதே எனக்குப் புரிந்தது. பாட்ரேயில் யாரும் கேட்க மாட்டார்கள் என்றாலும் போல்ட் வெட்டும் கருவி இப்போது என் பெட்டியில் மேலேயே இருக்கிறது.

எண்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும். கிளம்புவதற்கு முன் டெக்சாஸ் என்றால் அவுட்டோர் ஆனுவல் செயலியிலும், ஃபுளோரிடா என்றால் மாநில மீன்வள ஆணையத்தின் தளத்திலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நண்பர் அந்த ரெட்ஃபிஷ் தலையை அன்று இரவு கொடம்புளி போட்டுக் குழம்பு வைத்தார். தூண்டிலில் போனது லேடிஃபிஷ்.