டெக், டைப்ஸ்ட், சொந்த மேக்ரோ: கம்போசிங் கடைக்கு எது தாங்கும்?

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் நடத்துவது சின்ன கம்போசிங் கடை. அம்மன் கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சர்ச் மாத இதழ், பள்ளிக்கூட வினாத்தாள், சங்கத்து ஆண்டு மலர் என்று வருவதெல்லாம் பெரும்பாலும் எழுத்து வேலைதான். பல காலம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலேயே ஓடியது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001ல். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு அதற்குத் தெரியாது. இன்றைக்கு மேட்டர் எல்லாம் வாட்ஸப்பில் யூனிகோடாகவே வந்து விழுகிறது. அதைப் பழைய எழுத்துரு முறைக்கு மாற்றுவதும், மாற்றும்போது உடைந்த எழுத்துகளைத் தேடித் தேடித் திருத்துவதுமே பாதி வேலையாகிப் போனது.

அதனால் யூனிகோடை நேராக வாங்கி, கட்டளைகளைப் படித்து, பிடிஎஃப் தரும் ஒரு முறை தேவைப்பட்டது. இன்டிசைன் இப்போது தமிழை ஒழுங்காகவே காட்டுகிறது. ஆனால் ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு, ஒவ்வொரு பெட்டியாகச் சுட்டியால் இழுத்து வைப்பது எங்களுக்குச் சரிப்படவில்லை. கடைசியில் மூன்று வழிகள் நின்றன. ஒன்று, டெக் என்ற பழைய அச்சுக்கோப்பு நிரலின் குடும்பம்: யூனிகோடு படிக்கும் ஸீடெக், அதன் மேல் லேடெக் என்ற கட்டளைத் தொகுப்பு. இரண்டு, டைப்ஸ்ட் என்ற புது அச்சுக்கோப்பு நிரல். மூன்று, நாமே எழுதும் சின்ன மேக்ரோ முறை, அதாவது ஒரு சின்னக் கட்டளை பல வரிகளாக விரியும் முறை. நான் மூன்றாவதை எடுத்தேன். கீழே இருப்பதை அந்தச் சாய்வோடு எழுதியதாகவே படியுங்கள்.

எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். விலை மூன்றுக்கும் கிடையாது. தமிழ் எழுத்து உருவாவதிலும் வித்தியாசம் இல்லை. ஸீடெக் 2013 முதல் ஹார்ஃப்பஸ் என்ற உருவமைப்பு நிரலை, அதாவது எழுத்துகளைச் சேர்த்துச் சரியான வடிவம் தரும் நிரலை, பயன்படுத்துகிறது. ஃபயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆஃபீஸ் எல்லாவற்றிலும் இருப்பது அதே நிரல்தான். டைப்ஸ்டில் இருப்பது அதையே ரஸ்ட் மொழியில் மறுபடி எழுதியது. என் முறையும் ஹார்ஃப்பஸ்ஸைத்தான் கூப்பிடுகிறது. எனவே கொம்பு முன்னால் போவது, கு கூ வடிவம், க்ஷ, ஸ்ரீ எல்லாம் மூன்றிலும் ஒன்றுதான். வேகத்தில் டைப்ஸ்ட் முதலில் நிற்கும். ஆனால் இரண்டு பக்க நோட்டீஸுக்கு அது பொருட்டில்லை.

ட்ராஃப் என்ற பழைய அச்சுக்கோப்பு நிரலையும் பார்த்தேன். 1970களில் பெல் ஆய்வகத்தில் உருவானது. வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்தால் கட்டளை என்ற வழக்கத்தை நான் எடுத்துக்கொண்டது அதிலிருந்துதான். ஆனால் இன்று பரவலாகக் கிடைக்கும் அதன் குனூ வடிவம் யூனிகோடு கோப்பைப் படிக்குமே தவிர, எழுத்தை உருவமைக்காது. அதில் தமிழை அச்சுக்குக் கொண்டுபோக முடியாது. ஹார்ஃப்பஸ்ஸோடு இணைத்துக்கொள்ளக்கூடிய நீட்ராஃப் என்ற வடிவம் நல்ல வேலைப்பாடு. அதன் மூல நிரலைப் படித்தது எனக்கு ரொம்ப உதவியது.

சரி, முடிவு எதில் விழுந்தது? பராமரிப்பில். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

எங்கள் கடையில் பெரிய வேலை புது வேலை இல்லை. போன வருஷத்து வேலை. ஆடி பிறந்துவிட்டால் தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று தெருவுக்கு ஓர் அம்மன் கோயில் நோட்டீஸ் வரும். கூழ் வார்த்தல், பால்குடம், தீமிதி, அன்னதானம் என்று வரிசை அப்படியே இருக்கும். தேதி மாறும், உபயதாரர் பட்டியல் மாறும், விழாக் குழுவில் சிலர் மாறுவார்கள். ராயபுரத்து சர்ச் இதழும் அப்படித்தான். போன வருஷக் கோப்பைத் திறந்து, நாலு வரி மாற்றி, சாயங்காலத்துக்குள் ப்ரூஃப் அனுப்ப வேண்டும். அதைச் செய்யப்போவது நான் இல்லை, கடையில் மேட்டர் அடிக்கும் பெண். எனவே நான் கேட்ட கேள்வி இரண்டுதான். போன வருஷக் கோப்பு இந்த வருஷம் அதே பக்கத்தைத் தருமா? ஏதாவது தவறு வந்தால், நிரல் எழுதத் தெரியாதவர் அதைப் படித்துத் திருத்த முடியுமா?

முதல் கேள்வியில் டெக்கின் அடித்தளத்தைக் குறை சொல்ல முடியாது. அதை உருவாக்கிய டொனால்ட் கனூத் அதை உறைய வைத்துவிட்டார். புதுப் பதிப்பு வந்தாலும் பிழைத்திருத்தம்தான், பதிப்பு எண்ணும் கணிதத்துப் பை (π) மதிப்பை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீள்கிறது. ஆனால் தமிழில் வேலை செய்ய அந்த அடித்தளம் போதாது. ஸீடெக், லேடெக், எழுத்துருத் தொகுப்பு, மொழித் தொகுப்பு என்று மேலே பல அடுக்குகள் வேண்டும். அவை ஒவ்வொன்றும் தன் போக்கில் மாறும். டைப்ஸ்ட் பொதுவில் வந்ததே 2023ல்தான். நான் பார்த்த பதிப்புகள் எல்லாம் சுழியத்தில்தான் தொடங்குகின்றன. ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குக் கட்டளைகள் மாறுகின்றன. ஆனால் அது ஒரே ஒரு இயங்கு கோப்பு. அந்தந்த வேலையோடு அந்தப் பதிப்பையும் போட்டு வைத்துவிட்டால் இந்தக் குறை தீரும். டெக் நிரல்களின் மொத்தத் தொகுப்பான டெக் லைவை அப்படி வைப்பதென்றால் முழு நிறுவல் பல ஜிபி.

இரண்டாவது கேள்வியில்தான் இரண்டுமே எனக்குத் தளர்ந்தன. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி நோட்டீஸில் '50% தள்ளுபடி' என்று அடித்தால், டெக்கில் விழுக்காட்டுக் குறிக்குப் பின்னால் அந்த வரியில் இருப்பது சத்தமில்லாமல் காணாமல் போகும். அது குறிப்புரைக் குறி. பிழைச் செய்தியும் வராது. ப்ரூஃபை ஊன்றிப் படித்தால்தான் தெரியும். டைப்ஸ்டில் '* நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று தொடங்கினால் அது தடித்த எழுத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு, மூடும் குறி எங்கே என்று கேட்கும். இரண்டுக்கும் தப்பிக்கும் வழி உண்டு. ஆனால் வாட்ஸப்பில் வந்த மேட்டரை ஒட்டும் ஒவ்வொரு முறையும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பிழைச் செய்தி அடுத்தது. டெக்கில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டால், விடுபட்ட வரியில் செய்தி வராது. பத்தி முடியும் இடத்திலோ கோப்பின் கடைசியிலோதான் வரும். மேக்ரோவுக்குள் மேக்ரோ விரிந்து போன பிறகு, முதலில் அடித்தது எந்த வரி என்று கண்டுபிடிப்பது பழகினவருக்கே சிரமம். டைப்ஸ்ட் இதில் எவ்வளவோ மேல். வரியைக் காட்டி, காரணத்தையும் தெளிவாகச் சொல்லும். இந்த இடத்தில் அது எங்களுக்கு மிக நெருங்கி வந்தது. மேட்டரில் உள்ள குறிகளைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு பழக்கம் இல்லாதிருந்தால் நான் அதையே எடுத்திருப்பேன்.

என் முறையின் வடிவம் இந்த இரண்டு கேள்விகளிலிருந்தே வந்தது. வரியின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் அது கட்டளை. மற்ற எந்த வரியிலும் எந்தக் குறிக்கும் தனிப் பொருள் இல்லை. விழுக்காடு, உடுக்குறி, டாலர் எதுவானாலும் அடித்தபடியே அச்சாகும். ட்ராஃபில் வரியின் தொடக்கத்தில் ஒற்றை மேற்கோள் வந்தாலும் கட்டளைதான். அதை நான் எடுத்துவிட்டேன், ஏனென்றால் எங்களுக்கு வரும் மேட்டரில் மேற்கோளோடு தொடங்கும் வரிகள் நிறைய.

கட்டளைப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன: .தலைப்பு, .நாள், .உபயம், .இடம். இங்கே நிரல் எழுதுபவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெயர் எங்கே முடிகிறது என்பதை 'எழுத்து அல்லாத குறி வரும் இடம்' என்று வைத்தால் தமிழ் உடையும். யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் மெய்யின் புள்ளியும் எழுத்து வகையில் சேராது, ஒட்டுக்குறி வகையில் சேரும். பைத்தான் நிரல் மொழியில் எழுத்தா என்று பார்க்கும் வழக்கமான சோதனை 'தலைப்பு' என்ற சொல்லை 'தல' என்பதோடு முறித்துவிடும். அதனால் பெயர் இடைவெளியில்தான் முடியும் என்று விதி வைத்தேன். பகுதிகளைப் பிரிக்க நிமிர்கோடு. காற்புள்ளி வைத்தால் முகவரியில் இடிக்கும், புள்ளி வைத்தால் தலைப்பெழுத்தில் இடிக்கும்.

.உபயம் முதல் நாள் | கூழ் வார்த்தல் | தெருவாசிகள்

இதைப் பார்த்தால் என்ன மாற்ற வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேக்ரோ என்பது என் முறையில் ஒரு வரிக்குப் பதில் சில வரிகள், அவ்வளவுதான். நிபந்தனை இல்லை, சுழற்சி இல்லை, நடுவில் விதியை மாற்றும் வசதி இல்லை. விரிந்து வரும் ஒவ்வொரு வரியும் தான் பிறந்த கோப்பையும் வரி எண்ணையும் சுமந்துகொண்டே போகும். அதனால் பிழைச் செய்தி '41ஆம் வரி: .உபயம் மூன்று பகுதி கேட்கிறது, இரண்டுதான் இருக்கிறது' என்று தமிழிலேயே வரும். முன்பெல்லாம் "அண்ணே, என்னவோ சிவப்பா சொல்லுது, வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். இப்போது அந்த வரிக்குப் போய் அவர்களே திருத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய லாபம் இந்த வேலையில் கிடைக்கவில்லை.

எதை நாமே எழுதக் கூடாது என்பதிலும் பிடிவாதமாக இருந்தேன். எழுத்து உருவமைப்பை ஹார்ஃப்பஸ்ஸிடமே விட்டுவிட வேண்டும். நாம் கொடுக்க வேண்டியது ஒரே எழுத்துருவில், ஒரே வரிவடிவத்தில் இருக்கும் துண்டு. 'மண்டபம் ஏசி, ₹500' என்று வந்தால், தமிழ் எழுத்துருவில் ரூபாய்க் குறி இருக்கிறதா என்று பார்த்துத் துண்டு பிரிக்க வேண்டும். அந்தக் குறி வந்ததே 2010ல்தான், பழைய எழுத்துருக்கள் பலவற்றில் இருக்காது. உள்ளே வரும் மேட்டரை முதலில் யூனிகோடின் சேர்ப்பு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவதும் அவசியம். ஒரே 'கொ' சில கைப்பேசிகளிலிருந்து கொம்பும் காலும் தனித்தனியாக வரும். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. பிடிஎஃப்பில் எழுத்துருவை வேண்டிய அளவு மட்டும் வெட்டிச் சேர்க்க ஃபாண்ட்டூல்ஸ் என்ற பைத்தான் லைப்ரரி இருக்கிறது. அதையும் நானாக எழுதவில்லை.

வரி உடைப்பை மட்டும் நானே எழுதினேன். தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும். குறுகிய பத்தியில் இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டுமென்றால், சொல்லை உடைக்காவிட்டால் நடுவில் பெரிய பெரிய ஓட்டை விழும். ஆங்கிலம் போல அகராதியோ உடைக்கும் இடங்களின் பட்டியலோ இதற்குத் தேவையில்லை. எழுத்துக்கு எழுத்து உடைக்கலாம், மெய்யெழுத்து அடுத்த வரியின் தலையில் நிற்கக் கூடாது, ஓர் எழுத்து மட்டும் தனியாகத் தொங்கக் கூடாது. நாளிதழ்களில் பெரும்பாலும் செய்வதுபோல் உடைந்த இடத்தில் கோடும் போடுவதில்லை. பத்தியை மொத்தமாகப் பார்த்து உடைக்கும் கனூத்-பிளாஸ் முறை 1981லேயே வெளிவந்துவிட்டது. டெக்கும் டைப்ஸ்டும் அதன் வழியில்தான் போகின்றன. நானும் அதைத்தான் எழுதினேன், நினைத்ததைவிடச் சிறிய நிரலாகவே முடிந்தது.

பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை நகலெடுப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததுதான். மூலக் கோப்பு தொலைந்தால் வாடிக்கையாளர் கையில் இருப்பது பிடிஎஃப் மட்டுமே. கொம்பு முன்னால் வரைந்த வரிசையிலேயே எழுத்து வெளியே வந்தால் 'கெ' உடைந்துதான் வரும். ஒவ்வொரு சொல்லோடும் அதன் உண்மையான எழுத்து வரிசையைப் பிடிஎஃப்பிலேயே எழுதி வைக்க வழி உண்டு. ஸீடெக்கில் அதற்கு ஒரு சாவி இருக்கிறது, தானாக இயங்காது, போட வேண்டும். என் முறையில் அது எப்போதும் இயங்கும்.

எழுத்துருக் கோப்பை வேலையோடு சேர்த்து வைப்பதை எந்த வழியை எடுத்தாலும் செய்யுங்கள். எழுத்துருவின் புதுப் பதிப்பில் ஓர் எழுத்தின் அகலம் இம்மி மாறினாலும் வரி உடையும் இடம் மாறும், கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

என் முறை எட்டாத இடங்களும் உண்டு. அடிக்குறிப்பு, பொருளடைவு, கணக்குச் சமன்பாடு எதுவும் அதில் இல்லை. ஆண்டு மலர் நீளமாக, அடிக்குறிப்போடு வந்தால் ஸீடெக்கில்தான் செய்கிறேன். கணக்கு வினாத்தாளும் அங்கேதான். புத்தகம் முழுக்க டைப்ஸ்டில் நான் செய்து பார்த்ததில்லை, அதனால் அந்த ஒப்பீட்டுக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொந்த முறை என்றதும் எல்லாரும் கேட்பது ஒன்று: எழுதினவர் இல்லாவிட்டால் யார் பார்ப்பது? நியாயமான கேள்வி, இந்த வழியின் பலவீனமும் அதுதான். மேக்ரோவில் நிபந்தனையும் சுழற்சியும் வேண்டாம் என்று நான் நின்றதற்கு இதுவும் காரணம். ஒவ்வொரு கட்டளையும் தட்டையாக இருப்பதால், அதே பெயரில் லேடெக்கில் ஒரு மேக்ரோ எழுதி, கோப்பை இயந்திரமாகவே மாற்றிவிடலாம். திருவிழா நோட்டீஸுக்கு அப்படி மாற்றிப் பார்த்தேன். வரி உடையும் இடங்கள் மாறின, மற்றபடி மேட்டர் ஒரு எழுத்து குறையாமல் வந்தது. பத்திரிகைக்கும் வினாத்தாளுக்கும் இன்னும் செய்யவில்லை.