ஐந்து ட்ரோன், இரண்டு வருடம்: ஸ்பூஃபிங்குக்கு எதிராக எது உதவியது?

கண்மாய், வாய்க்கால் சர்வேக்கு ஐந்து ட்ரோன்களை ஒன்றாகப் பறக்கவிடுகிறோம். எல்லாமே ஆர்டுபைலட் என்ற பறப்பு மென்பொருளில் ஓடுபவை. 2012இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ப்ரீஸ் குழு, ஒயிட் சாண்ட்ஸில் போலி ஜிபிஎஸ் சிக்னலால் ஒரு ட்ரோனைத் தரையை நோக்கிப் பாயவைத்ததைப் படித்ததிலிருந்தே எனக்கு இந்த ஸ்பூஃபிங் (போலி சிக்னல் மோசடி) கவலை.

முதலில் எல்1 என்ற ஒரே அலைவரிசையை மட்டும் பிடிக்கும் பழைய ரிசீவர்களைக் கழற்றிவிட்டு எல்1, எல்2 என இரண்டு அலைவரிசையும் பிடிப்பதைப் போட்டோம். அமெரிக்காவின் ஜிபிஎஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாம் எடுக்கும். மோசடி தெரிந்தால் எச்சரிக்கும் என்றார்கள். எச்சரித்தது, வாரத்துக்கு இரண்டு முறை! ஒருநாள் கரையில் நின்று லேப்டாப்பைப் பார்க்கிறேன், மூன்றாம் நம்பர் ட்ரோனில் சிக்னல் பலம் 45 டிபி-ஹெர்ட்ஸிலிருந்து 30க்கு மொத்தமாக விழுகிறது. போலி சிக்னல் பெரும்பாலும் இப்படி விழாது. உச்சியில் உள்ள செயற்கைக்கோளும் அடிவானத்தில் உள்ளதும் ஒரே அளவில் கொழுகொழுவென்று நிற்கும். கடைசியில் பார்த்தால் கேமராவின் யுஎஸ்பி 3 கேபிள்தான் இரைச்சல் போட்டிருக்கிறது. செம்பு டேப் சுற்றி, ஆன்டெனாவை ஒரு சாண் உயர்த்தியதும் அடங்கியது.

நிஜமாகப் போலி சிக்னலை ஒலிபரப்பிப் பார்ப்பது சட்டவிரோதம். அதனால் சிமுலேட்டரில் சோதித்தோம். போலி இருப்பிடத்தை ஒரேயடியாக 50 மீட்டர் தள்ளினால் ஈகேஎஃப் (சென்சார் தகவல்களைச் சேர்த்து ட்ரோன் எங்கே இருக்கிறது என்று கணிக்கும் நிரல்) உடனே சந்தேகப்படுகிறது. விநாடிக்கு 20 சென்டிமீட்டர் என்று நைசாக இழுத்தால் நம்பிக்கொண்டே கூடப் போகிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான்.

கொடுத்த காசுக்கு உழைத்தது அல்ட்ரா வைடுபேண்ட் மாட்யூல். ட்ரோன்கள் தங்களுக்குள் உள்ள தூரத்தை ரேடியோவிலேயே அளந்துகொள்ளும். ஒரே ஆன்டெனாவிலிருந்து வரும் போலி சிக்னலில் சிக்கினால் ஐந்தும் ஒரே புள்ளியில் நிற்பதாகக் கணக்குப் போடும். மாட்யூலோ "இல்லப்பா, நடுவுல இருபது மீட்டர் இருக்கு" என்று சொல்லிவிடும். ஒன்றை மட்டும் இழுத்தாலும் கணக்கு உதைக்கும். குறை, எங்கள் மாட்யூல்கள் 40 மீட்டர் தாண்டினால் திணறுகின்றன. கருவேலங்காடு குறுக்கே வந்தால் இன்னும் மோசம். அதனால் சர்வே வரிசைகளை நெருக்கிப் போட வேண்டியிருக்கிறது, பேட்டரிச் செலவு கூடுகிறது.

சரி, எச்சரிக்கை வந்தபின்? ஆர்டிஎல் (ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்புவது) வேண்டவே வேண்டாம். வீடு எந்தப் பக்கம் என்பதையும் அதே ஜிபிஎஸ்தானே சொல்கிறது! நாங்கள் ஆல்ட் ஹோல்டுக்கு (உயரத்தை மட்டும் தானாகப் பிடித்துக்கொள்ளும் முறை) மாற்றிக் கையால் இறக்குகிறோம். உயரத்தை பாரோமீட்டர் பார்த்துக்கொள்ளும். காற்றில் நகரும், அதற்குப் பைலட் பழகியிருக்க வேண்டும்.

கலிலியோவின் ஓஎஸ்என்எம்ஏ சேவை 2025 ஜூலையில் முறைப்படி வந்துவிட்டது. செயற்கைக்கோள் தகவல் அசலா என்று ரிசீவரே சரிபார்க்கும். அடுத்து வாங்குவது அப்படிப்பட்ட ரிசீவர்தான். ஆனால் அசல் சிக்னலையே பிடித்துத் தாமதமாகத் திருப்பி அனுப்பினால் அதையும் ஏமாற்ற வழியுண்டு. அதனால் அல்ட்ரா வைடுபேண்டை இப்போதைக்குக் கழற்றுவதாக இல்லை.