முதல் ஆல்பத்துக்கு அப்புறமும் நாஸ் கேட்கலாமா? பல வருஷம் கேட்டதில் தெரிந்தது

அமெரிக்க ராப் பாடகர் நாஸ் என்றாலே எல்லோரும் அவருடைய முதல் ஆல்பமான 'இல்மேட்டிக்'கில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். 1994 ஏப்ரலில் வந்த ஆல்பம், அப்போது அவருக்கு 20 வயது. அதற்குப் பிறகு வந்தவற்றையும் நான் வருஷக்கணக்கில், திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் மார்த்தாண்டம் - நாகர்கோவில் பஸ்ஸில். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு ஆல்பமாக எடுத்தால் முதலாவதன் பக்கத்தில் வைக்க ஒன்றும் இல்லை. ஆனால் 'லைஃப் இஸ் குட்', 'கிங்ஸ் டிசீஸ் 3' இரண்டிலும் 20 வயதுப் பையனால் எழுதவே முடியாத விஷயங்கள் இருக்கின்றன, இன்றைக்கு நான் அதிகம் போடுவதும் அந்த இரண்டைத்தான்.

'இல்மேட்டிக்' இன்னும் சலிக்காமல் இருப்பதற்கு முக்கியமான காரணம் அதன் அளவு. பத்து டிராக், அதில் முதலாவது வெறும் முன்னோட்டம், எல்லாம் சேர்த்து 40 நிமிஷத்துக்குள் அடங்கிவிடும். மார்த்தாண்டத்தில் ஏறியதும் போட்டால் பெரும்பாலும் வில்லுக்குறிக்கு முன்பே முடிந்துவிடும், வழியில் நெரிசல் என்றால் தக்கலையிலேயே. டிஜே பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் புரொஃபெசர், எல்.இ.எஸ். என்று பல பேர் பீட் (ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை) போட்டும் ஒரே கையில் வந்தது போல இருக்கும். விருந்தாளியாக வந்து ராப் செய்பவர் ஏஸி ஒருவர்தான், அவர் வரும் பாட்டின் கடைசியில் நாஸின் அப்பா ஓலு டாரா கார்னெட் ஊதுவார், அது வரும் இடத்தில் நான் இன்றும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

பாட்டெல்லாம் குயின்ஸ்பிரிட்ஜ் பற்றியது, நியூயார்க்கில் பாலத்தின் ஓரம் ஆறு மாடிக் கட்டடங்களாக நிற்கும் அரசுக் குடியிருப்பு. எனக்கு முதலில் பாதி வரிகள் விளங்கவில்லை, வரிகளைத் தேடி எடுத்துப் படித்துக்கொண்டே கேட்டேன். அப்படிக் கேட்டபோது முதலில் பிடிபட்டது 'ஒன் லவ்'. ஜெயிலில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்கள்தான் பாட்டு. உனக்கு மகன் பிறந்திருக்கிறானாமே, உன்னைப் போலவே இருக்கிறானாமே, உன் காதலி ஏன் உனக்கு எழுதுவதில்லை என்று ஊர்ச் சேதி வரிசையாக வரும். எங்கள் பக்கத்தில் கல்ஃபுக்குப் போன ஆண்களுக்கு வீட்டிலிருந்து போன கடிதங்களும் இப்படித்தான் இருக்கும், யாருக்குக் குழந்தை, யார் யாரோடு பேச்சில்லை. அதனால் அந்தப் பாட்டு எனக்கு வெளிநாட்டுப் பாட்டாகவே இல்லை.

அப்புறம் வந்தவை. 1996-ல் 'இட் வாஸ் ரிட்டன்', முதல் ஆல்பத்தைவிட வேகமாக விற்றது. அதில் ஒரு துப்பாக்கியே தன் கதையைச் சொல்லும் 'ஐ கேவ் யூ பவர்' இருக்கிறது, அந்த ஒன்றுக்காகவே ஆல்பத்தைக் கேட்கலாம். 1999-ல் 'ஐ ஆம்' இரட்டை ஆல்பமாக வர வேண்டியது, பாட்டுகள் முன்கூட்டியே இணையத்தில் கசிந்ததால் திட்டம் கலைந்தது, அதே வருஷக் கடைசியில் 'நாஸ்ட்ரடாமஸ்' வந்தது. அதில் அவசரம் தெரிகிறது, நான் இப்போது தொடுவதே இல்லை. 2001-ல் வந்த 'ஸ்டில்மேட்டிக்'கில் அப்போது அவரோடு மோதிக்கொண்டிருந்த ராப்பர் ஜே-ஸீக்குப் பதிலடியாக 'ஈதர்', ஒரு சம்பவத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லும் 'ரீவைண்ட்'. 2004-ல் 'ஸ்ட்ரீட்ஸ் டிசைப்பிள்' இரண்டு சிடி, பாதியில் கவனம் போய்விடும், ஆனால் அப்பாவும் மகனும் சேர்ந்து பாடும் 'பிரிட்ஜிங் த கேப்' அதில்தான் இருக்கிறது.

இவற்றில் எதிலும் எழுத்து குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எதுகை இயைபு எல்லாம் அதே கூர்மையோடுதான் விழுகிறது. குறை பீட்டிலும் தேர்விலும்தான், இந்தப் பாட்டு வேண்டாம், எடுத்துவிடு என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் பல ஆல்பங்கள் தப்பித்திருக்கும். அதற்காகச் சின்னதாக இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. 2018-ல் கான்யே வெஸ்ட் தயாரித்த 'நஸீர்' ஏழே பாட்டுதான், பீட் பிரமாதமாக இருக்கிறது, நாஸ் மட்டும் வேறு எங்கோ நிற்கிறார்.

'லைஃப் இஸ் குட்' வந்தது 2012-ல். விவாகரத்து ஆன பிறகு போட்டது, அட்டையில் முன்னாள் மனைவி கெலிஸின் பச்சைக் கல்யாண உடையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நோ ஐ.டி.யும் சலாம் ரெமியும் பெரும்பாலான பீட்டுகளைப் போட்டிருக்கிறார்கள். 'டாட்டர்ஸ்' என்ற பாட்டில் வளர்ந்துவரும் மகளை நினைத்துப் பயப்படும் அப்பாவாகப் பேசுகிறார், இளமையில் தான் எப்படி இருந்தேன் என்பதையும் மறைக்காமல். 'பை பேபி' அந்தக் கல்யாணம் முறிந்த கதை. வந்த புதிதில் எனக்கு இது சுமாராகத்தான் பட்டது, வருஷம் போகப் போக உள்ளே இறங்கிய ஆல்பம் இது.

2020-லிருந்து 2023 வரை ஹிட்-பாய் என்ற ஒரே தயாரிப்பாளரோடு ஆறு ஆல்பம். முதலாவதான 'கிங்ஸ் டிசீஸ்'தான் அவருக்கு முதல் கிராமி விருதை வாங்கித் தந்தது, 2021-ல், 'இல்மேட்டிக்' வந்து 27 வருஷம் கழித்து. ஆனால் விருது வாங்கியதைவிட 2022-ல் வந்த மூன்றாவது பாகம் 'கிங்ஸ் டிசீஸ் 3' ரொம்ப மேல். முக்கியப் பாட்டுகள் எதிலும் விருந்தாளி கிடையாது, முழுக்க அவர் குரல்தான். அதில் 'தன்' என்ற பாட்டில் ஜே-ஸீக்கு இன்னும் சண்டை முடியவில்லை என்று மெசேஜ் போட்டுச் சிரிப்பதாகச் சொல்கிறார், 'ஈதர்' கேட்டு வளர்ந்த ஆட்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது! ஆறில் மீதி மூன்றான 'மேஜிக்' வரிசையும் நல்ல வேலைதான், மூன்றாவது அவருடைய 50-வது பிறந்தநாளிலேயே வந்தது. ஆனால் ஆறையும் வரிசையாகப் போட்டால் எது எதில் என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை, 'இல்மேட்டிக்'கில் அந்தக் குழப்பமே வராது.

கூட வேலை பார்க்கும் குளச்சல் தம்பி ஒருவன் 'மேஜிக்'கில் ஆரம்பித்தவன். "அண்ணே, பழசு நல்லாத்தான் இருக்கு, ஆனா சவுண்டு ரொம்ப மங்கலா இருக்கே" என்கிறான். சாதாரண இயர்ஃபோனில், பஸ் இரைச்சலுக்கு நடுவே, ஹிட்-பாய் பீட் தெளிவாகக் கேட்கிறது என்பது உண்மைதான். நான் அவனிடம் ராத்திரி வீட்டில் நல்ல ஹெட்ஃபோனில் 'இல்மேட்டிக்'கில் உள்ள 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' கேட்கச் சொன்னேன், அந்த பியானோத் துண்டு எவ்வளவு இருண்டது என்று அப்போதுதான் புரியும்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் முதலில் 'இல்மேட்டிக்', அடுத்து நேராக 'லைஃப் இஸ் குட்', பிறகு 'கிங்ஸ் டிசீஸ் 3' என்று போங்கள், நடுவில் உள்ளதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலம் வேகமாக இருக்கிறது என்று பயம் இருந்தால் 'ஸ்டில்மேட்டிக்'கில் உள்ள 'ஒன் மைக்' போடுங்கள், கிசுகிசுப்பில் ஆரம்பித்துக் கத்தலுக்கு ஏறுகிற பாட்டு, என்ன சொல்கிறார் என்பது குரலிலேயே தெரிந்துவிடும்.