தொக்கம் எடுக்கிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள்

நகரி, புத்தூர், திருத்தணி பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள். விழுங்க முடியாமல் தவித்த என் அக்காவை, தொக்கம், அதாவது உள்ளே ஒட்டி அடைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லும் சாப்பாட்டை, உறிஞ்சி எடுக்கிறேன் என்று ஒருவர் ஏமாற்றிவிட்டார். பணம் போனால் போகட்டும். அவர் பேச்சைக் கேட்டதில் வீணான மாதங்கள்தான் எங்களுக்குப் பெரிய அடி.

அக்காவுக்குச் சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்க ஆரம்பித்தது. இட்லியும் நின்றது, தண்ணீரும் நின்றது. ராத்திரி படுத்தால் மாலையில் சாப்பிட்டது அப்படியே வாய்க்கு வரும், இருமல் பிடித்துக்கொள்ளும். ஊரில் ஒரு கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி என்ற பேச்சே அங்கே எழவில்லை. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர், "தொக்கமா இருக்கும், எடுத்துட்டா சரியாயிடும்" என்றார். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குப் போகிற ஊர்கள் இவை. நாட்டு வைத்தியம் என்றால் யாரும் தயங்குவதில்லை.

அந்த ஆள் அக்காவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தொப்புளுக்கு மேலே ஒரு குழாயை வைத்து வாயால் உறிஞ்சினார். பிறகு உள்ளங்கையில் துப்பிக் காட்டினார், நார் நாராக ஒரு கறித்துண்டு. "பாரும்மா, இதுதான் அடைச்சிருந்தது." அக்கா பல வருஷமாக அசைவம் தொடுவதில்லை. அதைச் சொன்னதும், "எப்பவோ தின்னது, ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு" என்றார். தோலில் ஓட்டை போடாமல் வயிற்றுக்குள் இருப்பது எப்படி வெளியே வரும்? முன்பே வாயில் அடக்கி வைத்திருந்ததைத்தான் துப்புகிறார்கள்! 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பொடியும் கொடுத்து, ஒரு மண்டலம் பத்தியம் இருக்கணும், அதுவரை ஆஸ்பத்திரி மருந்தைத் தொடக்கூடாது என்றார். இந்தக் கடைசி வார்த்தைதான் விஷம். அக்கா எலும்பும் தோலுமாகிவிட்டார்.

வேலூர் சி.எம்.சி.க்கு அழைத்துப்போனோம். எண்டோஸ்கோப்பி செய்து முதலில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தார்கள். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிகிற பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுத்த படத்தில் உணவுக்குழாய் மேலே விரிந்து, கீழே பறவை அலகு மாதிரி கூராக முடிந்திருந்தது. அப்புறம் மேனோமெட்ரி. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, உணவுக்குழாயின் தசை ஒழுங்காகச் சுருங்குகிறதா, அதன் கீழ்முனை திறக்கிறதா என்று அழுத்தத்தை அளந்து பார்க்கிறார்கள். நோயின் பெயர் அகலேசியா. உணவுக்குழாய்ச் சுவரில் உள்ள நரம்பு செல்கள் அழிந்துபோவதால், வயிற்றுக்குள் திறக்கிற வளையத் தசை தளராமல் இறுகிக் கிடக்கிறது. உறிஞ்சி எடுக்க அங்கே எதுவுமே இல்லை.

அழிந்த நரம்பைத் திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது. அந்தத் தசையை விட்டுக்கொடுக்க வைப்பதுதான் வைத்தியம். பலூன் விட்டு விரிப்பது ஒன்று. 1913-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்த, அந்தத் தசையை வெட்டிவிடுகிற அறுவை சிகிச்சை இன்னொன்று, அதை இப்போது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள். 2008-ல் ஜப்பானில் தொடங்கிய போயம் முறையில் வெளியே கீறலே இல்லை, வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டே தசையை வெட்டிவிடுகிறார்கள். அக்காவுக்கு அதைத்தான் செய்தார்கள். இப்போது சோறு இறங்குகிறது. அமிலம் மேலேறி வருவதால் அதற்கு மாத்திரையும், தலைமாட்டை உயர்த்திப் படுப்பதும் தொடர்கிறது.

கெட்டியான சாப்பாடு முதலில் நின்று, நாளாக ஆகக் கஞ்சியும் நின்றால் குழாய் உள்ளே குறுகிவருகிறது என்று சந்தேகப்படணும், புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆரம்பத்திலிருந்தே சோறு, தண்ணீர் இரண்டும் நின்றால் தசை வேலை செய்யாத கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். எதுவானாலும் கேஸ் மாத்திரையோடு காலம் தள்ளாமல் எண்டோஸ்கோப்பி கேளுங்கள். உள்ளே பழைய சாப்பாடு தங்கியிருக்கும் என்பதால், எவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு வரணும் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஆளிடம் போய்ப் பணத்தைக் கேட்டேன். "பத்தியத்தை முறிச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வரிசையில் பாதிப் பேர் கைக்குழந்தையோடு நிற்கிற தாய்மார்கள். பால் இறங்காத, பால் கக்குகிற குழந்தையை அங்கே கொண்டுபோகாதீர்கள் அம்மா, அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.