சோயாமீற் வாங்கலாமா? திருகோணமலைக் கடைகளில் கிடைப்பதை வைத்து ஒரு மதிப்பீடு

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று தொடங்கினால் கிழக்குக் கடல் குழம்பிவிடும். படகுகள் கரையேறும், மீன் விலையும் ஏறும். கந்தசஷ்டி, திருவெம்பாவை என்று விரத நாட்களும் அதே மாதங்களில்தான் வருகின்றன. அதனால் மார்கழி முடியும்வரை திருகோணமலை வீடுகளில் சோயாமீற் அடிக்கடி அடுப்பேறும். "ஆம்பிளைப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?", "தைரொயிட் குளுசை போடுற ஆக்கள் சாப்பிடலாமோ?" என்ற கேள்விகளும் கூடவே வரும். முதலாவது கேள்வியில் பயம் கூட, விஷயம் குறைவு. இரண்டாவதில் விஷயம் இருக்கிறது, ஆனால் அதற்குத் தீர்வு சுலபம். ஒருவரும் கேட்காத மூன்றாவது ஒன்றும் உண்டு: பக்கற்றுக்குள் இருக்கும் சின்னத் தூள் பொட்டலம். சோயாமீற்றில் குறை சொல்வதென்றால் முதலில் அதைத்தான் சொல்லவேண்டும்.

கடைகளில் இது இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, கோழி, ஆட்டிறைச்சி, கணவாய், இறால் என்று சுவை போட்டு, தூள் பொட்டலத்தோடு வரும் பக்கற். பெரும்பாலும் 90 கிராம். மற்றது சுவை எதுவும் சேர்க்காமல் நிறுத்துத் தரும் வெறும் சோயா. இரண்டிலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான். சோயா அவரையில் எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மாவை, நீரும் சூடும் அழுத்தமும் கொடுத்து இயந்திரத்தின் சிறு துளை வழியே தள்ளுகிறார்கள். வெளியே வரும்போது அழுத்தம் சட்டென்று குறைவதால் அது பொங்கி, பஞ்சுபோல் துளைவிழுந்து காய்கிறது. "மீற்", அதாவது "இறைச்சி" என்ற பெயர் அந்த நாரான கடிக்குத்தான். கோழிச் சுவைப் பக்கற்றுகள் பலவற்றில் கோழியே இருக்காது. ஆனாலும் விரதகாரர் பொருட்பட்டியலைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. சில தயாரிப்புகளில் கோதுமை மாவும் கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் அந்த வரியைத்தான் பார்க்கவேண்டும்.

சத்துக் கணக்கில் சோயாமீற்றுக்குத் தாராளமாகப் புள்ளி போடலாம். கொழுப்பு நீக்கிய சோயா மாவில் ஏறத்தாழ பாதி புரதம். ஒருவருக்கு 20 கிராம் காய்ந்த சோயா என்று வைத்தால் 10 கிராம் அளவு புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் உள்ளது 6 கிராம் அளவுதான். கொழுப்பு மிகக் குறைவு, நார்ச்சத்து நிறைய. தாவரப் புரதங்களில், உடம்புக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் எல்லாம் போதிய அளவில் உள்ள சிலவற்றில் சோயாவும் ஒன்று. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: ஊறிய சோயா தன் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரைக் குடித்திருக்கும். "100 கிராமில் 50 கிராம் புரதம்" என்பது காய்ந்த சோயாவின் கணக்கு. கறிச்சட்டியில் இருக்கும் 100 கிராமில் 15 கிராம் சுற்றித்தான் வரும். இரண்டு பக்கற்றில் எது மலிவு என்று பார்க்க, விலையை மொத்தப் புரதக் கிராமால் வகுத்துப் பாருங்கள். பொட்டலத்தின் எடைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம் என்பது அப்போது தெரியும்.

இலங்கையர் வயிற்றுக்குச் சோயா புதிதும் இல்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா 1970களிலிருந்து இருக்கிறது. அதில் சோளத்தோடு சேர்வது சோயாதான். சோயா என்றாலே பயப்படும் வீட்டிலும் யாரோ ஒருவர் திரிபோஷா உருண்டை தின்று வளர்ந்திருப்பார்.

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருட்கள் உண்டு. அவற்றின் அமைப்பு பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜனுக்குச் சற்று ஒத்தது. ஆம்பிளைப் பிள்ளைகளுக்குச் சோயா ஆகாது என்ற கதை முழுக்க இதிலிருந்துதான் கிளம்புகிறது. உடம்பில் அவை வேலை செய்யும் வலு ஈஸ்ட்ரோஜனை விட மிகக் குறைவு. சில இழையங்களில் அதன் வேலையைச் சற்றுத் தடுக்கவும் செய்யும். ஆண்களில் செய்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அலசல்கள் 2010இலும் 2021இலும் வெளிவந்தன. சோயா சாப்பிட்ட ஆண்களின் டெஸ்டோஸ்டெரோன் அளவு மாறவில்லை என்பதுதான் இரண்டின் முடிவும். மார்பு வீங்கிய ஆண் ஒருவரின் கதையைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது 2008இல் மருத்துவ இதழில் வந்த உண்மையான செய்தி. ஆனால் அந்த அறுபது வயதுக்காரர் நாளுக்கு ஏறக்குறைய மூன்று லீற்றர் சோயாப் பால் குடித்துவந்தவர். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. 20 கிராம் சோயாமீற்றில் ஐசோஃபிளேவோன் அதிகம் போனால் 30 மில்லிகிராம் வரும். ஜப்பானில் சாதாரணமாக ஒருவர் நாளாந்தம் சாப்பிடும் அளவே 25 முதல் 50 மில்லிகிராம் வரை. கிழமைக்கு இரண்டு மூன்று நாள் சோயாக்கறி வைக்கும் வீடு, நாட்சராசரி பார்த்தால், அந்த அளவுக்குக் கிட்டவும் போகாது.

சோயா மார்பகப் புற்றுநோயைக் கூட்டும் என்ற பயமும் தலைகீழாகத்தான் நிற்கிறது. ஷங்காயில் அந்த நோய் வந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. சோயா உணவு கூடுதலாகச் சாப்பிட்டவர்களில் நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. சோயா குணப்படுத்தும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. உணவாகச் சாப்பிடுவதற்கும் ஐசோஃபிளேவோனைச் செறிவாக்கிக் குளுசையாக விழுங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. சிகிச்சையில் இருப்பவர்கள் அந்தக் குளுசைகளை வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

இதயத்துக்கு நல்லது என்று விளம்பரங்கள் சொல்வதில் பாதி உண்மை. நாளுக்கு 25 கிராம் சோயாப் புரதம் என்ற கணக்கோடு அப்படி எழுத அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1999இல் அனுமதித்தது. ஆதாரம் முன்பு நினைத்த அளவு உறுதியாக இல்லை என்று 2017இல் அதே நிர்வாகம் அந்த அனுமதியை மீளப்பெற முன்மொழிந்தது. கெட்ட கொழுப்பு நூற்றுக்கு மூன்று நான்கு வீதம் குறையலாம். கொழுப்புள்ள இறைச்சிக்குப் பதிலாகச் சாப்பிட்டால் கூடுதல் பலன். பொரித்துச் சாப்பிட்டால் அந்தப் பலன் எண்ணெயோடு போய்விடும்.

உண்மையில் கவனம் வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். தைரொக்ஸின் குளுசை போடுபவர்கள் முதலில். குடலில் அந்த மருந்து உறிஞ்சப்படுவதைச் சோயா குறைக்கும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு குளுசை, சோயா மத்தியானம் அல்லது இரவு. இடையில் நான்கு மணித்தியாலம் இருந்தால் பயமில்லை. காலை இடியப்பத்தோடு சோயாக்கறி சாப்பிடும் வழக்கமுள்ள வீடுகளில் மட்டும் இதை மாற்றவேண்டும். சில கிழமை நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சில கிழமை அடியோடு விடுவதும் மருந்து அளவைக் குழப்பும். தைரொயிட் நோய் இல்லாதவர்களுக்கு, உணவில் அயடீன் போதுமானால், சோயாவால் தைரொயிட் கெடாது. வீட்டில் பாவிப்பது அயடீன் சேர்த்த உப்புத்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிறுநீரக நோயாளிகள். பதவி சிறிபுரப் பக்கம் இந்த நோயின் பாரம் தெரிந்தவர்களுக்கு இது முக்கியம். கொழுப்பு நீக்கிய சோயா மாவின் 100 கிராமில் பொட்டாசியம் 2,000 மில்லிகிராமைத் தாண்டும், பொசுபரசும் உண்டு. ஊறவைத்த நீரைக் கொட்டினால் ஒரு பங்கு போகும், முழுவதும் போகாது. கிளினிக்கில் புரதத்துக்கும் பொட்டாசியத்துக்கும் அளவு சொல்லியிருந்தால் சோயாவை அந்தக் கணக்குக்குள் வைத்துக் கேட்டுத்தான் சாப்பிடவேண்டும்.

சோயா ஒவ்வாமை சிறுபிள்ளைகளில் கூடுதலாகக் காணப்படும். வாயைச் சுற்றித் தடிப்பு, வாந்தி, மூச்சு இழுப்பு என்று காட்டும். மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கடையில் விற்கும் சோயாப் பானத்தைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடாது.

சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. சோயாவில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் அதிலுள்ள பைற்றேற் என்ற பொருள் அந்த இரும்பைப் பிடித்து வைத்திருக்கும். இறக்கும்போது தேசிக்காய்ப் புளி விட்டால் அந்தப் பிடி தளரும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் இரும்பு இன்னும் குறையும், ஒரு மணித்தியாலம் பொறுங்கள். மற்றது, விற்றமின் பி12 சோயாவில் இல்லை. பாலோ தயிரோ அதற்கு வேண்டும். மூதூர், கிண்ணியாத் தயிர் கிடைக்கும் ஊரில் இது பெரிய கஷ்டமில்லை.

இப்போது அந்தப் பொட்டலம். உப்பு, சுவையூட்டி, மசாலா, நிறம் என்று எல்லாம் அதற்குள். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்குக் குறைவான உப்பு. பக்கற்றில் சோடியம் என்று எழுதியிருந்தால் 400 மில்லிகிராம் சோடியத்துக்கு ஒரு கிராம் உப்பு என்று கணக்குப் போடுங்கள். உப்பு அதிகம் என்று காட்டும் சிவப்பு வட்டம் பக்கற்றில் போட்டிருந்தால் கணக்கே தேவையில்லை. பொட்டலத்தை முழுவதும் கொட்டி, கைப்பழக்கத்தில் மேலதிகமாகவும் உப்புப் போட்டு, கருவாட்டோடோ அப்பளத்தோடோ சாப்பிட்டால் பிரஷர்காரருக்கு அந்த ஒரு நேரச் சாப்பாடே போதும். பொட்டலத்தில் கால்வாசிக்கு மேல் போடாதீர்கள். வீட்டு மிளகாய்த்தூள் இருக்கும்போது அதுவும் தேவையில்லை. நிறுத்து வாங்கும் வெறும் சோயா இந்த இடத்தில்தான் பக்கற்றை வெல்கிறது.

வயிறு ஊதுகிறது, பச்சை மணம் அடிக்கிறது என்ற முறைப்பாடுகள் பெரும்பாலும் சமையல் பிழை. கொதிக்கும் நீரில் அரைத் தேக்கரண்டி மஞ்சள் போட்டு, அடுப்பை அணைத்து, 90 கிராம் சோயாவை 10 நிமிடம் மூடி ஊறவிடுங்கள். அடுப்பில் வைத்தே நெடுநேரம் கொதிக்கவிட்டால் நார் குழைந்து களியாகும். நீரைக் கொட்டி, பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, ஒவ்வொரு தரமும் உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழியவேண்டும். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும் அவரை மணமும் அந்த நீரோடுதான் போகும். பிழியாத சோயாவின் துளைகளில் தண்ணீர் நிற்பதால் தூள் உள்ளே இறங்காது, கடித்தால் சப்பென்று இருக்கும். பிழிந்த சோயாவில் இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூளும் கொஞ்சம் இஞ்சி உள்ளியும் பிரட்டி 15 நிமிடம் வையுங்கள். தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு வெண்காயம், கறிவேப்பிலை, ரம்பை, பெருஞ்சீரகம் தாளித்து, சோயாவைப் போட்டு நீர் வற்றும்வரை வதக்குங்கள். தண்ணிப்பால் விட்டுப் பத்து நிமிடம் மெல்லிய நெருப்பில் அவியவிட்டு, கட்டிப்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கித் தேசிக்காய் பிழியலாம். உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகு. பொரித்துக் கறி வைக்க விரும்புவோருக்கு ஒரு சொல்: இது பஞ்சு. தாச்சியில் குறைந்த எண்ணெய் எங்கே போனது என்று தேடவேண்டாம்.

கடைச் சாப்பாட்டில் சோயா கொத்துக்கும் சோயா டெவலுக்கும் தனி மதிப்பெண், அது குறைவுதான். பொரித்த சோயா, தக்காளிச் சோஸ், சீனி, சோயா சோஸ் எல்லாம் சேர்ந்தது அது. சோயா சோஸில் சோயாவின் நன்மையைத் தேடுவது வீண். ஒரு மேசைக்கரண்டியில் 900 மில்லிகிராம் அளவு சோடியம், புரதம் ஒன்றிரண்டு கிராம், பெரும்பாலானவற்றில் கோதுமையும் உண்டு. சைவக் கடைகளில் மத்தியானச் சோற்றோடு வைக்கும் சோயாப் பால்கறி இதைவிட எவ்வளவோ மேல்.

வாங்கும்போது திகதியைப் பாருங்கள். நிறுத்துத் தரும் சோயாவை மணந்து பாருங்கள், பழைய எண்ணெய் மணம் வந்தால் விடுங்கள். கடற்கரை ஈரத்தில் திறந்த பக்கற் சீக்கிரம் நமத்துப்போகும், மூடி இறுகிய போத்தலில் போடவேண்டும். தேங்காய்ப்பால் விட்ட கறி எங்கள் ஊர் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நிற்காது. இரவுக்கு வைப்பதென்றால் ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எடுத்ததும் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள். மாலையில் லேசாகப் புளிப்புத் தட்டினால் அது தேசிக்காய் என்று நினைத்துவிடாதீர்கள்.