‘நியாய உடை’ கம்பெனிக்குத் தைக்கப்போகும் பவர்டேபிள்காரர்களுக்கு

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிற சின்ன யூனிட்காரர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த ஆர்டரில் கையெழுத்துப் போடுங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை, விவகாரம் சின்ன யூனிட்களின் பணப் பாக்கியை விசாரிக்கும் அரசுக் கவுன்சிலில் இருக்கிறது. ஆனால் எப்படிப் பேசுவார்கள், எந்த இடத்தில் கை வைப்பார்கள் என்பதைச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

வெளியூர்க் கம்பெனி. இயற்கைப் பருத்தி, நியாயமான கூலி, மண்ணுக்குக் கேடில்லாத சாயம் என்று சொல்லி டீ-ஷர்ட்டும் குழந்தைத் துணியும் விற்பவர்கள். பாதி சரக்கு ஐரோப்பாவுக்குப் போகும். நம் ஊரில் அவர்களுக்கு இருப்பது ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மெர்ச்சண்டைசர் மட்டும். நூல் எந்த மில்லில் வாங்குவது, எந்த நிட்டிங், எந்தச் சாயப்பட்டறை எல்லாம் அவர்கள் முடிவு. துணி ரோல் நம்மிடம் வரும். நாம் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடித்துக் கொடுக்க வேண்டும். இயற்கைப் பருத்தித் துணிக்குக் கொடுக்கிற அவர்களுடைய ஜிஓடிஎஸ் சான்றிதழில் எங்கள் யூனிட் பெயரும் துணை யூனிட்டாக இருந்தது. பீஸ் ரேட் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. எங்கள் டெய்லர் அம்மாக்களை நிற்கவைத்து போட்டோ எடுத்துப் போனார்கள். அது அவர்கள் விற்கும் துணியின் அட்டையில் வந்தது.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மேல் தாக்குதல் தொடங்கியதும், ஐரோப்பா போகிற சரக்குக் கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தன. சுமார் இரண்டு வாரம் கூடுதல் ஓட்டம், வாடகையும் ஏறியது. நம் சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடியிலிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. அந்த இடத்திலும் இழுபறி. அவர்களுக்கு வந்த சிக்கல் நிஜம்தான், அதை நான் மறுக்கவில்லை. சிக்கல் நமக்குப் புதிதும் இல்லை. 2022-இல் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது நூல் விலைக்காக ஊரே கடையடைப்பு நடத்தியது. அப்போது ஆர்டர் தருகிற பையர்கள் பலர் ஆளுக்குக் கொஞ்சம் என்று நஷ்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். இவர்கள் செய்தது வேறு.

மில்லிலிருந்து நூல் தாமதம், அப்புறம் சாயத்தில் தாமதம். ரோல் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது தைக்க வேண்டிய காலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. டெலிவரி தேதி மட்டும் பழைய தேதியே. மெர்ச்சண்டைசர் போன் போட்டார். “அண்ணா, இந்த ஒரு லாட்டுக்கு மட்டும் பாருங்கண்ணா. நைட் போட்டு முடிச்சுக் குடுத்துருங்க.”

எங்கள் யூனிட் சுவரில் அவர்களே ஒட்டிய போஸ்டர் இருக்கிறது. வாரம் 48 மணி நேர வேலை, ஓவர்டைம் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதுவும் ஆள் விரும்பினால்தான். அதற்குக் கீழேதான் நின்று பேசிக்கொண்டிருந்தேன். முடிந்த அளவுக்கு ஓவர்டைம் போட்டோம். இரட்டைச் சம்பளம் கொடுத்தோம், ஊருக்குப் பஸ் இல்லாதவர்களுக்கு வண்டியும் வைத்தோம். எல்லாம் எங்கள் கைக்காசு.

அடுத்து துணி பற்றாக்குறை. கட்டிங்கில் அவ்வளவு பீஸ் வராது என்று சொன்னோம். வேறொரு கம்பெனிக்கு ஓட்டிய அதே கலர் ரோல் இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அது சாதா காட்டன். இயற்கைப் பருத்தி என்று லேபிள் தைத்து அதை அனுப்பினால் மாட்டுவது யார்? 2020-இல் இந்தியப் பருத்தி 20,000 டன்னுக்குப் போலிச் சான்றிதழ் காட்டியது வெளியே வந்து, ஜிஓடிஎஸ் அமைப்பு 11 கம்பெனிகளைத் தடை செய்தது நம் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முடியாது என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதி அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. போனில் மட்டும் “அப்ப ஷார்ட்டேஜ் உங்க கணக்குலதாண்ணா” என்றார்.

சரக்கைக் கொடுத்தோம். கப்பல் தேதி தவறிவிட்டது என்று ஒரு பகுதியை விமானத்தில் அனுப்பினார்கள். இரண்டு மாதம் பேச்சே இல்லை. பில் கேட்டுப் போன் போட்டால் அக்கவுண்ட்ஸில் இருக்கிறது என்பார்கள். அப்புறம் ஒருநாள் மெயிலில் வந்தது டெபிட் நோட், நம் பில்லில் இவ்வளவு பிடித்துக்கொள்கிறோம் என்கிற சீட்டு. விமானச் செலவு முழுதும், துணி ஷார்ட்டேஜுக்கு ஒரு தொகை, ‘தாமதத்தால் பிராண்டுக்கு ஏற்பட்ட இழப்பு’ என்று ஒரு தொகை. கூட்டிப் பார்த்தால் எங்கள் தையல் கூலியில் முக்கால்வாசி காலி. நூலும் சாயமும் அவர்கள் பொறுப்பு. கப்பல் யார் பொறுப்பும் இல்லை. அபராதம் மட்டும் தையல்காரனுக்கு.

இதே சமயத்தில் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் எழுதிய கடிதத்தையும் பார்த்தேன். உலகச் சூழ்நிலையால் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள், எங்கள் தையல் கலைஞர்களை அவசரப்படுத்த மாட்டோம் என்று உருக்கமாக எழுதியிருந்தார்கள். கூடவே எங்கள் அம்மாக்கள் போட்டோ. அடுத்த லாட்டில் டீ-ஷர்ட் விலையையும் ஏற்றிவிட்டார்கள். வாங்கியவர்கள் காத்திருந்தார்கள், கூடுதலாகவும் கொடுத்தார்கள். அந்தப் பணம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை, எங்கள் பக்கம் வரவில்லை. சனிக்கிழமை சம்பளத்துக்கு நான் வட்டிக்கு வாங்கினேன்.

கொரோனா சமயத்தில் வங்கதேசத்தில் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்களை ரத்து செய்தோ நிறுத்திவைத்தோ கைவிரித்தார்கள் பெரிய பிராண்டுகள். அவர்கள் பெரிய ஆட்கள், இவர்கள் ‘எத்திகல்’ ஆச்சே என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். சான்றிதழில் நூல் என்ன, சாயம் என்ன, ஆளுக்கு எத்தனை மணி நேர வேலை என்றெல்லாம் பார்க்கிறார்கள். கப்பல் தாமதமானால் செலவு யார் தலையில் என்பது அதில் இல்லை. அது நம் ஆர்டர் பேப்பரில்தான் இருக்கிறது.

அதனால் பேப்பரில் இதைப் போடச் சொல்லுங்கள்: டெலிவரி நாள் என்பது ரோல் நம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். தேதி குறித்து எழுதினால் ரோல் வராமலே தேதி ஓடிவிடும். விமானச் செலவை நாம் எழுத்தில் ஒப்புக்கொண்டாலொழிய நம் கணக்கில் ஏற்றக் கூடாது. ரோல் வந்த அன்றே எடையும் தேதியும் எழுதி மெயில் அனுப்பிவிடுங்கள், போனில் சொன்னது எதற்கும் உதவாது. இதற்கெல்லாம் ‘நாம குடும்பம் மாதிரி’ என்று பதில் வந்தால் ரேட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் சின்னத் தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா பாருங்கள், அது வேலை எடுப்பதற்கு முன்பே இருக்க வேண்டும். 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சரக்கில் குறை இருந்தால் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. எங்களுக்கு டெபிட் நோட் வந்தது இரண்டு மாதம் கழித்து. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் மனுப் போட்டால் கவுன்சிலுக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இது வெளிநாட்டு பையருக்குப் பொருந்தாது, உள்நாட்டுக் கம்பெனிக்குப் பொருந்தும். இன்னொன்று, 2024 முதல் வருமான வரிச் சட்டப்படி நமக்குக் கெடுவுக்குள் தராத பணத்தை அவர்கள் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. இதை ஒரு வரியில் எழுதி அவர்கள் ஆடிட்டருக்கும் நகல் வைத்தேன். அதற்குப் பிறகுதான் மெர்ச்சண்டைசர் மறுபடி போனை எடுத்தார், பாதிப் பணத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது பெருமாநல்லூர், அவிநாசி பக்கம் புது யூனிட் தேடுகிறார்கள் என்று கேள்வி. சாம்பிள் பீஸோடு, கையில் கேமராவோடு வருவார்கள்.