ஹோவர்ட் கல்லூரிக் கட்டடம்: வழிகாட்டியுடன் ஒரு சுற்று

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பெரியா மேட்டில் நிற்கும் ஹோவர்ட் கல்லூரிக் கட்டடத்தை விளக்கிக் காட்டும் நடைச் சுற்று ஒன்றில், சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த என் சித்தப்பாவுடன் அண்மையில் கலந்துகொண்டேன். ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதியை வழிகாட்டி முகப்புக்கே ஒதுக்கினார், அது பொருத்தமானதே. கப்பல் சரக்குத் தொழிலில் செல்வம் சேர்த்த டி. பி. டேவிஸ், 1916இல் சோம் போரில் உயிரிழந்த தம் மகன் ஹோவர்டின் நினைவாக அளித்த கொடையால் எழுந்து, 1931இல் திறக்கப்பட்ட கட்டடம் இது. தூண்களுக்கு மேல் எழும் குவிமாடம் செவ்வியல் பாணியைச் சேர்ந்தது. அந்தக் கொடைக்குப் பின்னிருந்த துயரத்தை அறிந்த பிறகு பார்த்தபோது, அதன் கம்பீரம் எனக்குச் சற்று அடக்கமாகவே தோன்றியது. உள்ளே இருக்கும் அரங்கை எட்டிப் பார்த்ததோடு சரி.

குறை ஒன்று உண்டு. இந்தக் கட்டடத்தில் இயங்கிய நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி 1936 முதல் வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கு இந்தக் குன்றின் மேல் அல்லாமல், டர்பனில் இந்திய மாணவர்களுக்கான பள்ளியாக இருந்த சாஸ்திரி கல்லூரியில்தான் தனி வகுப்புகளை நடத்தியது. தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியின் பெயர் தாங்கிய அந்த இடத்தைப் பற்றி வழிகாட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சித்தப்பா கேட்ட பிறகும், நேரமில்லை என்று நகர்ந்துவிட்டார். கட்டட விளக்கத்துக்காக இச்சுற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வரலாற்றுக்கு வேறு துணை தேவைப்படும். மேட்டில் ஏற்றம் அதிகம் என்பதால் முதியவர்களைக் காலை வேளையில் அழைத்துச் செல்லுங்கள்.